கிராதிக் கால்களின் சாயம்

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டையை அடிக்கும் கொட்டாப்புளிச் சத்தம் கேட்கும், நிற்கும், ஒரு பெருமூச்சு வரும், மறுபடியும் கேட்கும். காலையிலிருந்து இதே கதைதான். இந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்த றமீலா வெளியே நடப்பதையெல்லாம் காதாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்க்க வழியில்லை. புருஷன் பளீல் மௌத்தாகி, விதவைகள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறாள். அது முடியும்வரை வெள்ளை உடுப்புத்தான். பூச்சு இல்லை, மருதோன்றி இல்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படவும் கூடாது. முன் விறாந்தையிலோ தச்சு பாஸ் வேலை செய்கிறார். அதற்கு அப்பால் கஹவத்தை ரோடு, தேயிலைத் தோட்டத்து பஸ்கள். சொந்த வீட்டு முன்வாசலே அவளுக்கு வெளியூராகிப் போயிருந்தது.

புதிதாகப் போட்ட தரையில் பாஸ் பூட்டப் பார்ப்பது விறாந்தைக் கிராதியை. பளீலின் வாப்பா காலத்துக் கிராதி அது. மேலே ஒரு கைப்பிடிக் கட்டை, கீழே ஒரு கட்டை, நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு வரிசையாகக் கடைந்தெடுத்த மரக்கால்கள். பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. ஆனால் அந்தக் காலத்து ஆள் ஒவ்வொரு காலின் முனையையும் அதனதன் குழிக்கென்று கையால் செதுக்கி இறக்கியிருந்தார். ஒன்றின் குழியில் இன்னொன்று நிற்காது. ஒன்று ஆடும், அல்லது பாதியிலேயே இறுகி நிற்கும்.

போன மழைக்கு விறாந்தையின் அடிமண் இறங்கிவிட்டது. தரை வெடித்து, கிராதி பாதிக்கு அந்தரத்தில் தொங்கியது. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளவென்று பைப் கிராதி போடலாம் என்றான் மருமகன் பயாஸ். பளீல் கேட்கவில்லை. "தரைதான் எறங்கியீக்கி. கிராதி செஞ்ச குத்தம் என்ன?" என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே கழற்ற உட்கார்ந்தார்.

எது எந்தக் குழியுடையது என்று அடையாளம் வேண்டும் அல்லவா? வேறொருவராக இருந்தால் சோக்கட்டியால் இலக்கம் போட்டிருப்பார். பளீலுக்கு இலக்கத்தில் நம்பிக்கை கிடையாது, துணியில்தான் நம்பிக்கை. கஹவத்தை பஸாரில் சீத்தைக் கடை வைத்து வாழ்ந்த மனிதர். கடையில் மிச்சமான துண்டுத் துணிகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்தார். கிணற்றுப் பக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு காலாகக் கழற்றி, அதன் கழுத்தில் ஒரு துணிக்கீற்றைக் கட்டினார். கடையில் பிளவுஸ் துணி அடுக்குகிற அதே வரிசை. வெள்ளையில் ஆரம்பித்து, சந்தனம், மஞ்சள், சிவப்பு என்று ஏறி, ஊதா, நீலம், பச்சை என்று போய், கேட்டுப் பக்கத்தில் கறுப்பில் வந்து நிற்கும். தோட்டத்துப் பெண்கள், "அந்த வெந்தயக் கலருக்குப் பக்கத்துல உள்ளதுங்க" என்று விரல் நீட்டினால் திரும்பிப் பார்க்காமலே கையை விட்டு எடுப்பார்.

றமீலா வாசற்கதவுக்கு உள்ளே பாயில் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்தாள்.

"இதெல்லாம் சாயம் போற துணி," என்றாள் சும்மா இருக்க மாட்டாமல்.

"ஆரு சொன்ன?"

"நான் சொல்றேன். பெருநாளைக்கு ஒங்கட கடைல எடுத்த செவப்புப் பாவாடையால என்ட வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ் கலராப் போச்சே."

"அது நீங்க ஊறப்போட்ட கொறை," என்றார் பளீல். பிறகு கடையில் நிற்கிறதாகவே நினைத்துக்கொண்டு குரலை உயர்த்தினார். "மொதல் தண்ணிக்குக் கொஞ்சம் போகும் தங்கச்சி. அதுக்குப் பொறகு உசிரு போனாலும் சாயம் போகாது."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்திருந்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இருவருக்கும் தீராத சண்டை இது ஒன்றுதான். சாயம் போகும் என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டால் போதும் என்பாள் அவள். வியாபாரி வாயால் அதைச் சொல்ல வைக்க மலக்குகள் இறங்கி வந்தாலும் முடியாது என்பார் அவர்.

அந்தப் பின்னேரம் முழுக்க இருவரும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். கடை விட்டால் பள்ளி, பள்ளி விட்டால் கடை என்று ஓடிய மனிதர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்ததை அவள் கண்டதில்லை. கடைசிக் காலைக் கழற்றிக் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் சொன்னார்: "தரையப் போட்டு இதத் திருப்பிப் பூட்டின பொறகு, ரெண்டு பேரும் இதில சாஞ்சு நின்டு தேத்தண்ணி குடிப்போம். நான் கடையிலிருந்து வெள்ளன வந்திருவேன்."

"ரோட்டால போறவங்க பாப்பாங்க."

"பாக்கட்டுமே. நிக்காஹ் முடிச்ச பொண்டாட்டிதானே."

அடுத்த கிழமை, தோட்டத்துப் பெண் ஒருத்திக்குத் துணி அளந்துகொண்டிருந்தவர், கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். எழும்பவில்லை. வெடித்த தரையில் பலகை போட்டுத்தான் அவரைக் கிடத்திய சந்தூக்கை வெளியே கொண்டுபோனார்கள்.

அன்றிலிருந்து றமீலாவுக்கு ஒரே ஒரு ஆசை. அந்தக் கிராதி பழையபடி வந்து நிற்க வேண்டும். இத்தா முடிகிற அன்று ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு போய், பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு, அதில் சாய்ந்து நிற்க வேண்டும். இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இத்தாவில் இருக்கிற மனிசிக்குப் புத்தி தடுமாறுகிறது என்பார்கள்.

வெளியே கொட்டாப்புளிச் சத்தம் நின்றது. இம்முறை மறுபடி கேட்கவில்லை.

"பொருந்த மாட்டேங்குதுங்க மொதலாளி," என்று வேலுசாமி பாஸின் குரல் வந்தது. மேல் தோட்டத்துக்காரர், நல்ல வேலைக்காரர், ஆனால் இன்றைக்கு அலுத்துப் போயிருந்தார். "ஒண்ணு ஆடுது, ஒண்ணு உள்ளயே எறங்கல. எது எந்தக் குழிக்குன்னு தெரியாம நான் என்னங்க பண்றது. எல்லாத்தோட மொனையயும் சீவிட்டு ஆணி வச்சு அடிச்சாத்தான் உண்டு. அதுவும் ரொம்ப நாளைக்கு நிக்காதுங்க."

"அப்ப விடுங்க பாஸ்," என்றான் பயாஸ். "பைப்பே போடுவோம். பேக்கரிக்காரர் போறணைக்கு வெறகு கேட்டுக்கிட்டே ஈக்கார். பின்னேரம் லொறி வரும், ஏத்தி விட்டுருவோம்."

"ஹரிங்க," என்றார் பாஸ். அந்த ஒரு 'சரி'யில் எவ்வளவு நிம்மதி!

றமீலா பதறி மகளைக் கூப்பிட்டாள். மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவன் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து எதுவானாலும் மகள் இன்ஷிராவின் வாய் வழியாகத்தான்.

"மகள், வாப்பா ஒவ்வொண்டிலயும் துணி கட்டி வச்சாரே. அந்தக் கலர் வரிசையப் பாத்துப் பூட்டச் சொல்லுங்க. வெள்ளை கெணத்துப் பக்கம், கறுப்பு கேட்டுப் பக்கம்."

இன்ஷிரா முந்தானையைப் பிடித்துத் திருகினாள். "துணி இல்ல உம்மா."

"இல்லண்டா?"

"இவங்க வெட்டிட்டாங்க. ஜனாஸா அண்டைக்கி."

பயாஸ் நல்ல பிள்ளை. பொய் இல்லை, சூது இல்லை, மாமிக்கு மருந்து வாங்கப் பலாங்கொடைக்கு மழையிலும் ஓடுவான். மார்க்க விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சூடு. சியாரம், தர்கா என்று போய் நேர்ச்சைத் துணி கட்டுவது, கொடி முடிவது எல்லாம் அவனுக்கு ஆகவே ஆகாது. மையித்து வீட்டில், ஊரே வந்து நிற்கிற நேரத்தில், வீட்டோரமாக அடுக்கியிருந்த மரக்கட்டைகளின் கழுத்தில் கலர் கலராகத் துணி தொங்குவதைக் கண்டான். மாமா கடைசிக் காலத்தில் ஏதோ வேண்டுதலில் இறங்கிவிட்டார் என்றே நினைத்தான். வந்தவர்கள் கண்ணில் பட்டால் மௌத்தான மனிதரின் பெயர் என்னாவது? கத்தரிக்கோலை எடுத்து ஒன்று விடாமல் வெட்டி, குசினிக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்தும்விட்டான். மாமாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து, மனைவியைத் தவிர வேறு எவரிடமும் மூச்சு விடவில்லை.

இன்ஷிரா இதையெல்லாம் சொல்லி முடித்தாள். றமீலா யாரைத் திட்டுவது? கட்டினவர் வியாபாரி புத்தியில் கட்டினார், வெட்டினவன் நல்லெண்ணத்தில் வெட்டினான். நடுவில் அவளுடைய தேத்தண்ணிதான் போறணைக்குப் போகப்போகிறது. கட்டிலின் அந்தப் பக்கத்துத் தலையணையைப் பார்த்தாள். உங்கள் துணிப் பைத்தியத்துக்கு ஒரு இலக்கத்தை எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தாள். சண்டை பிடிக்கப் பிடிக்கக் கண்ணீர் வந்தது. பதிலுக்குச் சண்டை பிடிக்க ஆள் இல்லாததுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"ஒரு காலை மட்டும் கொண்டுவந்து தாங்க மகள்," என்றாள் கடைசியில். "லொறி வர முந்தி. ஒண்டாவது என்ட கிட்ட ஈக்கட்டும்."

இன்ஷிரா ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். ஜனாஸாவுக்குப் பிறகு யாரோ தறப்பாள் போட்டு மூடியதில் உள்ளே ஈரம் காயாமல், கட்டை சில்லென்றிருந்தது. றமீலா அடியிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே போனாள். கடைசலின் மேடு, பள்ளம், மறுபடி மேடு. கழுத்துக்கு வந்ததும் கை நின்றது. அங்கே வளையம் போட்ட மாதிரி ஒரு செம்மை. துரு என்று நினைத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். விரல் சிவந்தது.

துரு இல்லை. துணி கட்டிய அந்தக் கிழமை முழுக்க விடாமல் பெய்த மழையில் சாயம் இறங்கியிருக்கிறது. துணியை வெட்டி எரித்தார்கள், சாயத்தை யார் வெட்டுவது? சாயம் போகாது என்று ஊருக்கெல்லாம் சத்தியம் பண்ணிய மனிதரின் துணி, முதல் மழைக்கே போய், கட்டையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. றமீலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மகள் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடப் பார்த்தாள்.

"தண்ணி வேணாம். எல்லாத்தையும் இந்த அறைக்குக் கொண்டு வாங்க. ஒண்டையும் தொடைக்க வேணாம்."

"லொறி வரப்போகுது எண்டு இவங்க..."

றமீலா எழுந்து திரைச்சீலை அருகே போனாள். விறாந்தைக் கதவடியில் மருமகன் நிற்பது தெரியும். "மகன்," என்றாள் நேராகவே. பயாஸ் திடுக்கிட்டுத் திரும்பினான். "மாமா கட்டினது நேர்ச்சை இல்ல மகன். அடையாளம். லொறிய இண்டைக்கி வர வேணாம் எண்டு சொல்லுங்க."

 பயாஸ் போனை எடுத்துக்கொண்டு கேட்டடிக்குப் போனான், திரும்பி வந்து கிராதிக் கால்களை அள்ளி அள்ளி அறைக்குள் கொண்டுவந்து வைத்தான். வேலுசாமி பாஸ் விறாந்தை ஓரத்தில் குந்தி வெற்றிலை போட ஆரம்பித்தார். பணக்கார வீடுகளில் இப்படி ஏதாவது வரும் என்று அவருக்குத் தெரியும்.

கீழே விரித்தால் நடக்க இடமிராது. ஆகவே கட்டிலில்தான் அடுக்கினாள். தன் பக்கத்தில் மஞ்சளில் தொடங்கிக் குறுக்கே அடுக்கிக்கொண்டே போக, சிவப்பும் ஊதாவும் அவர் படுக்கிற பக்கத்துக்கு வந்தன. அந்தப் பக்கத்தில் அவர் போன பிறகு யாரும் ஒரு துணியைக்கூட வைத்ததில்லை. றமீலா கொஞ்சம் தயங்கினாள். பிறகு, அவருடைய சாமான்தானே, அவருடைய இடத்திலேயே கிடக்கட்டும் என்று வைத்தாள்.

சுலபமான வேலையாக இருக்கவில்லை. மரத்தில் ஏறிய பிறகு சிவப்புகள் எல்லாம் ஒரு சிவப்பாகவே தெரிந்தன. ஊதா முதலா, மயில்கழுத்து நீலம் முதலா? கண்ணை மூடிக்கொண்டு கடைக்குள் போய் நின்றாள். வாசலில் தொங்கும் துண்டுகள், கஞ்சி வாசம், மேசைக்குப் பின்னால் அவர். பிளவுஸ் துணித் தட்டில் தோட்டத்துக் கல்யாணக்காரர்கள் கேட்கும் அரக்கு எங்கே இருக்கும்? ஊதாவை ஒட்டி. தீபாவளிக்கு வாங்கும் மிளகாய்ப்பழச் சிவப்பு? அதற்கு முந்தியது. அன்று பின்னேரம் அவர் கேட்டுக் கேட்டு வாங்கியதும் ஞாபகம் வந்தது. "அரக்கக் கிழிங்க. இல்ல, அது பொறகு. இப்ப மாதுளம்பழம்." குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டது. கண்ணைத் திறக்க அவளுக்கு மனமே இல்லை.

சில கால்களில் ஒன்றுமே இல்லை. வெள்ளைக்குச் சாயம் ஏது? சந்தனம் மரத்தின் நிறத்தோடு கலந்துவிட்டது. இன்னும் சிலவற்றை, சுத்தம் பண்ணுகிறேன் என்று காலையிலேயே பாஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டிருந்தார். அவற்றைத் தனியே வைத்துவிட்டு, அடுக்கினதை ஒவ்வொன்றாக இன்ஷிராவிடம் கொடுத்தாள். இன்ஷிரா பயாஸிடம் கொடுத்தாள். பயாஸ் பாஸிடம் நீட்டினான்.

"இது எந்தக் குழிங்க?"

"வெள்ளை ரெண்டு, சந்தனம் ரெண்டு எண்டு குழிய விட்டுட்டு, அடுத்ததுல வைக்கச் சொல்றாங்க மாமி."

றமீலா சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். கட்டை உரசுகிற சத்தம். ஒரு அமைதி. பிறகு கொட்டாப்புளி ஒரே ஒரு தட்டுத் தட்டியது.

"உக்காந்துருச்சுங்க," என்றார் பாஸ், நம்ப முடியாமல்.

அடுத்ததும் உட்கார்ந்தது. அதற்கடுத்ததும். ஓரிடத்தில் இரண்டு சிவப்புகள் மாறிப் போய், பாஸ் தானே இடம் மாற்றி வைத்தார். நீலத்துக்கு வரும்போது வெற்றிலையைத் துப்பிவிட்டு வேகமெடுத்தார். கறுப்பு இறங்கிய பிறகு, மிஞ்சின சாயமில்லாத கால்களை வெறுமையாக நின்ற குழிகளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, அவற்றையும் நிறுத்தினார். அஸருக்கு வாங்கு சொன்ன பிறகு, மேலே கைப்பிடிக் கட்டையை வைத்து அடித்த சத்தத்தில் வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. அது றமீலாவின் நெஞ்சிலும் விழுந்தது.

பாஸ் போன பிறகு பயாஸ் திரைச்சீலைக்கு வெளியே வந்து நின்றான். இன்ஷிராவைத் தூது அனுப்பவில்லை.

"மாமி, நான் மாமாவத் தப்பா நெனச்சிட்டேன்."

"மாமா கேட்டா சிரிப்பார் மகன்."

அவன் போகாமல் நின்றான். "கழுத்தெல்லாம் கலர் கலரா ஈக்கி. நாளைக்கி நான் பெயின்ட் அடிச்சித் தாறேன். ஒண்டும் தெரியாது."

"வேணாம். அப்பிடியே ஈக்கட்டும்," என்றாள் றமீலா. அந்தக் கலர் வளையங்களைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்று பயாஸ் ஒரு கணம் யோசித்திருப்பான். ஆனால் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

விளக்குப் போட வந்த இன்ஷிராதான் முதலில் கண்டாள். "உம்மா, கையப் பாருங்க. மருதோண்டி போட்ட மாதிரி ஈக்கி. இத்தாவில ஈக்கிற நேரம் ஆராவது பாத்தா என்ன சொல்லுவாங்க? கழுவுங்க."

றமீலா பின்னால் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். தண்ணீர் சிவப்பாகவும் நீலமாகவும் ஓடியது. தேங்காய்ப்பொச்சால் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தாள். முக்கால்வாசி போய்விட்டது. அதற்கு மேல் கை வலித்தது. வுளூச் செய்துகொண்டு மஃரிபைத் தொழுதாள்.

தொழுது முடித்து, அவருக்காகத் துஆக் கேட்க இரண்டு கைகளையும் ஏந்தினாள். வெள்ளைத் துணிக்குள்ளிருந்து உள்ளங்கைகள் முகத்துக்கு நேரே விரிந்தன. ரேகைகளுக்குள்ளே இன்னும் சிவப்பு இருந்தது. மிளகாய்ப்பழச் சிவப்பா, மாதுளம்பழச் சிவப்பா என்று இப்போது சொல்ல முடியாது. முதல் தண்ணிக்குப் போக வேண்டியது போய், மிஞ்சினது நின்றுவிட்டது.

கேட்க வந்த துஆவை மறந்து அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே, பூட்டி நின்ற கிராதியைத் தாண்டித் தோட்டத்து பஸ் ஒன்று இரைந்துகொண்டு மேலே போனது.

"சரி," என்றாள் மெதுவாக, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல. "நீங்க சொன்னதுதான் சரி. போகல்ல."